உட்கார ஒரு நாற்காலி, பேச ஒரு ஆள்

துணிக்கடையில் வேலை செய்பவர் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரலாம் என்பது தமிழ்நாட்டில் சட்டமானது 2021-இல்தான். கேரளம் 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. அதற்குப் பின்னால் கோழிக்கோட்டுக் கடைப் பெண்களின் நீண்ட போராட்டம் இருக்கிறது. கால்வலிக்கான சட்டம் என்றுதான் பலரும் இதை நினைக்கிறார்கள். எனக்கு இது மனநலச் சட்டமாகவும் படுகிறது. உட்காரவும் கழிப்பறைக்குப் போகவும் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு நோவது கால் மட்டுமா?

வேலையும் பிடியும்

ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1979-இல் முன்வைத்த கருத்து இன்றும் பயன்படுகிறது. வேலைப்பளு மட்டும் ஆளை முறிப்பதில்லை. பளு கூடி, அதை எப்படி, எந்த வரிசையில் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறையும்போதுதான் மன அழுத்தம் மிகுகிறது. கால் சென்டர் ஊழியரை நினைத்துப் பாருங்கள். அடுத்த அழைப்பு எப்போது வரும், எத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும், எப்போது பிரேக் என எதுவும் அவர் கையில் இல்லை. திட்டுகிறவரிடமும் குழைந்து பேச வேண்டும். அடுத்த வார ஷிஃப்ட் என்னவென்று ஞாயிறு ராத்திரிதான் தெரியும் என்றால் தூக்கம் எப்படி ஒழுங்குக்கு வரும்?

ஆண்டுக்கொரு முறை யோகா வகுப்பு நடத்திப் படம் எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள், ஷிஃப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்னதாக ஒட்டினால் அதைவிட நல்லது நடக்கும். செலவும் இல்லை.

எதைக் கவனிப்பது?

வேலையால் வரும் 'பர்ன் அவுட்' நிலையை உலக சுகாதார நிறுவனம் நோயாக அல்லாமல், பணி சார்ந்த நிலையாகவே வகைப்படுத்தியிருக்கிறது. ஓய்வெடுத்தும் தீராத அசதி, வேலைமேல் வெறுப்பு அல்லது ஒட்டாமை, செய்கிற எதுவும் உருப்படவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். ஆனால் வேலையை விட்டு வெளியே வந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நான்கு நாள் லீவு அதற்கு மருந்தாகாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மேலதிகாரி பேசும்போது

"எல்லாருக்கும்தானே டென்ஷன்" என்ற ஒரு வார்த்தை போதும், ஊழியர் அப்புறம் வாயே திறக்க மாட்டார். தனியாக அழைத்து, "கொஞ்ச நாளாக உங்களைப் பார்த்தால் வேற மாதிரி இருக்கு, நான் எதைக் குறைச்சா உங்களுக்கு உதவியா இருக்கும்?" என்று கேட்கலாம். கேட்டதை அடுத்த மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது. சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல் உடனே உதவிக்கு அழையுங்கள்.

எங்கே போவது?

14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 2022-இல் தொடங்கிய இந்தச் சேவைக்குத் தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

காப்பீடு இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். பாலிசியில் மனநோய் விலக்கப்பட்டிருப்பதாக யாராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள்.