‘நட்டு லூசு’ முதல் ‘லூசு’ வரை: பட்டறைச் சொல்லொன்றின் பொருள்மாற்றம்

மதுரை மாநகரின் தென்பகுதியில், அவனியாபுரம் செல்லும் வழியில் அமைந்தது வில்லாபுரம். அதுபோன்ற பகுதிகளின் இருசக்கர வாகனப் பட்டறைகளிலும் ஹார்டுவேர் கடைகளிலும் நட்டு, போல்ட்டு, ஸ்குரூ, வாஷர் என்பனவே வழங்குசொற்கள். மரையாணி, திருகாணி ஆகிய சொற்கள் அங்கு அருகியே ஒலிக்கின்றன. நகைக்கடையிலோ மூக்குத்தியின் திருகாணி இன்றும் திருகாணிதான். பட்டறையில் இடமிழந்த சொல் அணிகலனில் நிலைத்திருப்பது தனியே ஆராயத்தக்கது. பட்டறைப் பேச்சில் தளர்ந்த நட்டு ‘லூசா இருக்கு’ எனப்படும். அதே பேச்சில் அறிவு திரிந்தவனாகக் கருதப்படுபவன் ‘லூசு’ எனப்படுகிறான். இந்த இரண்டாம் பொருள் ஆங்கிலத்திலிருந்து வந்ததா, தமிழுக்குள் விளைந்ததா என்பதே வினா.

ஆங்கிலத்தில் ‘நட்’ என்பது முதலில் உண்ணும் கொட்டையைக் குறித்தது; இரும்பு நட்டையும் அது பின்னர்க் குறித்தது. கொட்டை தலைக்கு உவமையாகி, அதன்வழி அறிவு திரிந்தவனையும் சுட்டலாயிற்று. ஆகவே அங்குப் பித்தனைக் குறிக்கும் ‘நட்’ கொட்டையின் வழி வந்ததேயன்றி இரும்பின் வழி வந்ததன்று. தமிழ் கடன்கொண்டது இரும்பை மட்டுமே. அதனால்தான் ‘அவன் ஒரு நட்டு’ என்பது தமிழில் பொருள்படுவதில்லை. ‘நட்டு கழன்றவன்’ என வினை சேர்ந்தே பொருள் தருகிறது. ‘மரை கழன்றவன்’ என்பதும் அவ்வாறே. திருகொன்று தளர்ந்திருப்பதாகக் கூறும் ஆங்கில மரபுத்தொடர் இவற்றிற்கு முன்மாதிரியாக இருந்திருக்கக்கூடும். எனினும், ஆங்கிலத்தில் ‘லூஸ்’ என்னும் அடை தனித்து நின்று பித்தனைக் குறிப்பதில்லை. ஒருவரைப் பற்றி வருமிடத்து அது ஒழுக்கத் தளர்ச்சியையே சுட்டும். எனவே ‘லூசு’ என்னும் பெயர்ச்சொல் வடிவால் ஆங்கிலம், பொருளால் தமிழ்.

இப்பொருளாக்கத்தைத் தமிழ் இலக்கண மரபு கொண்டே விளக்கலாம். மொழிமுதல் லகரம் ஒன்றே அயன்மையைக் காட்டுகிறது. ஈறு ‘காசு’, ‘தூசு’ போல நெடில்தொடர்க் குற்றியலுகரமாக அமைந்துவிட்டது. தளர்ச்சி மரையின் பண்பு. மனம் இயந்திரமாக உவமிக்கப்பட, அப்பண்பு மனத்திற்கு ஏறுகிறது; பின்னர் அப்பண்பின் பெயரே அதனை உடையானுக்கு ஆகிவருகிறது. ‘கார்’ என்னும் நிறப்பெயர் மேகத்தையும் பருவத்தையும் பயிரையும் அடுத்தடுத்துக் குறிப்பதை உரைமரபு மும்மடியாகுபெயர் என்று கொள்ளும். ‘லூசு’ம் அவ்வாறு அடுக்கி வந்த ஆகுபெயரே.

இதற்குத் தொடரியல் சான்றும் உண்டு. சட்டை, பல், நட்டு ஆகியவற்றைப் பற்றி வரும்போது இச்சொல் ‘லூசாக’ என அடையாகவே நிற்கிறது. மளிகைக்கடையின் ‘லூசில் விற்கும் எண்ணெய்’, பொருட்படுத்தாதே என்னும் பொருளில் வரும் ‘லூசுல விடு’ ஆகியன ஏழாம் வேற்றுமையோடு உறைந்தவை. ‘அந்த லூசை’, ‘லூசுக்கு’ என இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகளை ஏற்பது ஆளைக் குறிக்கும் ‘லூசு’ மட்டுமே. ‘லூசுத்தனம்’, ‘அரைலூசு’ என்னும் ஆக்கங்களும் அப்பொருளிலேயே தோன்றுகின்றன.

‘மரை’ பலவிடங்களில் ‘மறை’ என்று எழுதப்படுகிறது. ரகர றகர வேறுபாடு பேச்சில் மங்கியதே இதற்குக் காரணம். மறைந்திருக்கும் உறுப்பு என்ற நாட்டார் விளக்கமும் அதற்குத் துணைநின்றிருக்கலாம். தொடி கழல்வதையும் வளை நெகிழ்வதையும் மனநிலையின் அடையாளமாக்கிய அகமரபை இதனோடு இணைக்கும் ஆசை எழுவது இயல்பு. அவ்விணைப்பு பொருந்தாது. தொடி கழல்வது உடல் மெலிந்ததால். ஆங்கே தொடியில் குறையில்லை. மரை கழல்வதோ பொறியின் பழுது.

‘பைத்தியம்’, ‘பித்து’ ஆகியன பித்தம் மிகுதலென்னும் மருத்துவக் கருத்தோடு தொடர்புடையவை. பித்தன் என்பது சுந்தரர் வாக்கில் இறைவனுக்கே பெயராயிற்று. ‘லூசு’ அந்த உயர்வைப் பெறவில்லை. காதல் விளியாகும் அளவுக்கு மட்டும் மென்மை பெற்றது. ‘வல்லவன்’ (2006) திரைப்படப் பாடல் அதற்குச் சான்று. பித்தம் என்பது நோய், நோய்க்கு மருந்துண்டு. கழன்ற மரையைக் கண்டோர் நகைப்பர், அல்லது முறுக்குவர்.

இந்த நகைப்பு சொல்லளவில் நிற்பதில்லை. ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயர் அங்குள்ள மனநல மருத்துவமனையால் கேலிச்சொல்லாயிற்று. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நேர்ந்த தீவிபத்தில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். நோயுற்றோரைச் சுட்டும்போது ‘லூசு’ வெறும் பேச்சுவழக்கன்று, இழிவழக்கு. அகராதியில் இச்சொல்லுக்கு ‘ஆங்கிலம்’ என்னும் மூலக்குறிப்பு மட்டும் தருவது போதாது. பட்டறை, மளிகை, காதல் விளி, வசை என வழக்குகள் தனித்தனியே பிரிக்கப்பட வேண்டும். வசைப்பொருளின் பிறப்பிடம் தமிழே என்பதும் அங்கே பதிவாக வேண்டும்.