குவளைகளில் பெய்த மழை

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய நிகழ்ச்சி நிரல் ஏதாவது இருக்கிறதா? பாடசாலைப் பரிசளிப்பு விழா நிரல், கோயில் திருவிழாக் கச்சேரி அறிவித்தல், மாதர் சங்க ஆண்டு விழா அழைப்பிதழ் என ஏதாவது ஒன்று? இடம்பெயர்ந்த எம்மில் பலருக்கு அந்தப் பெட்டியே மிஞ்சவில்லை. ஒரு மடித்த தாளின் பெறுமதி என்னவென்று எமக்குத் தெரியும். அத்தகைய தாள்களைக் கண்ணுங்கருத்துமாகக் காத்துவரும் ஒரு சிறிய கடற்கரைப் பட்டினத்தைப் பற்றி இம்மாதம் பார்ப்போம்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபொக் மாவட்டத்தில் இருக்கிறது ஓல்ட்பரோ. மீன்பிடிப் படகுகள் கூழாங்கல் கரையில் இழுத்து விடப்பட்டிருக்கும் ஊர் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று ஆண்டுகளின் பின், 1948 யூன் மாதத்தில், இசையமைப்பாளர் பென்ஜமின் பிரிட்டன், பாடகர் பீற்றர் பியர்ஸ், எழுத்தாளர் எரிக் குரோசியர் ஆகிய மூவரும் அங்கே ஓர் இசை விழாவைத் தொடங்கினார்கள். பெரிய அரங்கு எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. ஊர்த் தேவாலயமும் யூபிலி மண்டபம் என்ற சிறிய மண்டபமுமே அவர்களுக்குக் கிடைத்தன. அந்த விழா ஆண்டுதோறும் யூன் மாதத்தில் இன்றும் நடைபெறுகிறது.

விழாவின் நிகழ்ச்சி நிரல்கள் ஓல்ட்பரோவிலுள்ள 'சிவப்பு வீடு' வளாகத்தின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பிரிட்டனும் பியர்ஸும் 1957 முதல் வாழ்ந்த வீடு அது. 2013 இல் காப்பகத்துக்கெனத் தனிக் கட்டடம் ஒன்று அங்கே திறக்கப்பட்டது. மின்சாரத்தை அதிகம் செலவழிக்காமலே வெப்பமும் ஈரப்பதனும் மாறாதிருக்கும்படி தடித்த சுவர்களுடன் அதைக் கட்டியிருக்கிறார்கள். தாளின் முதல் எதிரி ஈரம் அல்லவா!

1958 ஆம் ஆண்டு விழாவை எடுத்துக்கொள்வோம். யூன் 18 ஆந் திகதி, பக்கத்து ஊரான ஓர்ஃபர்ட்டின் தேவாலயத்தில் பிரிட்டனின் புதிய இசை நாடகம் ஒன்று முதன்முதலாக அரங்கேறியது. நோவாவின் பெருவெள்ளக் கதை அது. நடித்தவர்களிலும் வாத்தியம் வாசித்தவர்களிலும் பெரும்பாலானோர் சிறுவர் சிறுமியர். வெள்ளம் தொடங்கும்போது முதல் மழைத்துளிகள் விழும் ஓசை வேண்டும். அதை எந்த வாத்தியத்தில் எழுப்புவது?

வழி சொன்னவர் இமோஜன் ஹோல்ஸ்ற் என்ற பெண்மணி. 1907 இல் பிறந்த இவர் இசையமைப்பாளர் குஸ்ராவ் ஹோல்ஸ்ற்றின் மகள். போர்க்காலத்தில் ஊர் ஊராகப் பயணம் செய்து கிராமத்தவர்களுக்கு இசை கற்பித்தவர். கிராம மாதர் சங்கங்களின் பெண்களுக்குத் தாள வாத்தியம் பழக்கவேண்டி வந்தபோது, பீங்கான் குவளைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு மர அகப்பையால் தட்டவைத்தாராம். அதைத் தமது சமையலறையில் பிரிட்டனுக்குச் செய்து காட்டினார். அன்று தேவாலயத்தில் குவளைகள் மழையாகப் பெய்தன. இன்றும் அந்த நாடகம் மேடையேறும் இடமெல்லாம் குவளைகளைத் தொங்கவிடுகிறார்கள்.

நிகழ்ச்சி நிரல் என்பது யார் பாடினார், எங்கே, எந்த நாளில் என்று சொல்லும். ஓர் ஓசை யாருடைய அடுப்படியில் இருந்து வந்தது என்று சொல்லாது. இமோஜன் பின்னாளில் எடுத்துச் சொன்னதால்தான் போர்க்கால மாதர் சங்கப் பெண்களின் பங்கு எமக்குத் தெரியவந்தது. 1952 இல் ஓல்ட்பரோவுக்கு வந்த அவர், 1956 முதல் 1977 வரை விழாவின் கலை இயக்குநர்களில் ஒருவராக இருந்தார். 1984 இல் அவ்வூரிலேயே காலமானார். அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் அதே காப்பகத்தில் இருக்கின்றன.

விழா வளர்ந்ததும் பெரிய மண்டபம் தேவைப்பட்டது. சில மைல் தொலைவிலுள்ள ஸ்னேப் கிராமத்தில், பார்லி தானியத்தை முளைக்கவைத்துப் பதப்படுத்திய பழைய ஆலைக் கட்டடம் ஒன்றை இசையரங்காக மாற்றினார்கள். அந்த ஆலையைக் கட்டியவரின் மகள்தான், 1908 இல் ஓல்ட்பரோவின் மேயராகி இங்கிலாந்தின் முதலாவது பெண் மேயர் எனப் பெயர்பெற்ற வைத்தியர் எலிசபெத் கரெற் அன்டர்சன்.

1967 இல் அரங்கு திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1969 யூன் 7 ஆந் திகதி, விழாவின் முதல் நாள் இரவிலேயே அது தீப்பற்றி எரிந்தது. சுவர்கள் மட்டுமே மிஞ்சின. ஆனால் விழா நிற்கவில்லை. அந்த அரங்கில் நடக்கவிருந்த மொசார்ட்டின் 'இடோமெனியோ' இசை நாடகத்தைப் பிளைத்பரோ ஊர்த் தேவாலயத்தில் நடத்தினார்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு அரங்கு மீண்டும் எழுந்து நின்றது. அச்சான நிரல் ஓர் இடத்தைச் சொல்ல, நிகழ்ச்சி வேறோர் இடத்தில் நடந்தது. அந்த மாற்றத்தையும் யாரோ குறித்து வைத்ததால்தான் இன்று இதை நாம் பேசுகிறோம்.

சகோதரிகளே, காப்பகம் அமைக்கப் பெரிய கட்டடம் வேண்டுமென்பதில்லை. உங்கள் சங்கத்தின் அடுத்த விழாவில் இவற்றைச் செய்து பாருங்கள்.

நிரலின் ஒரு பிரதியை எடுத்து வையுங்கள். பின்புறத்தில் திகதி, இடம், வந்தவர்களின் தொகை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் கரைந்துவிடும். துருப்பிடிக்கும் ஊசிகளைக் கழற்றிவிடுங்கள். வெயிலும் ஈரமும் கறையானும் அண்டாத இடத்தில், நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். இயலுமானால் இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். ஒன்று அழிந்தாலும் மற்றது இருக்கும்.

கடைசியாக ஒன்று. மேடையில் பாடிய பிள்ளையின் பெயர் நிரலில் இருக்கும். அவளுக்குச் சட்டை தைத்தவர், பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர், தேநீர் ஊற்றியவர் ஆகியோரின் பெயர்கள் இருக்காது. அவற்றை நீங்கள் எழுதுங்கள்.