பாட்டுக்குப் பின்னால் போகும் கேமரா

இசைக் காணொளியில் பாட்டுதான் முதலில் பிறக்கிறது. கேமரா அதற்குப் பின்னால் போகிறது. சினிமாவில் வெட்டி ஒட்டி முடித்த காட்சியைத் திரையில் ஓடவிட்டு, அதன் நீளத்துக்கு இசையமைப்பாளர் பின்னணி இசை சேர்ப்பார். இங்கே அது தலைகீழ். மூன்று நிமிடம் இருபது விநாடி ஓடும் பாட்டு என்றால் படமும் அவ்வளவுதான். ஒரு விநாடி கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. விஸ்காம் படிக்கும் மாணவர்கள் முதல் காணொளியில் படும் சிரமங்களில் பெரும்பாலானவை, இந்தக் கட்டுப்பாட்டைப் படத்தொகுப்பு மேசைக்கு வந்த பிறகே உணர்வதால் வருபவை.

எனவே முதல் வேலை கேமரா வாங்குவதல்ல, பாட்டை எண்ணுவது. நிமிடத்துக்கு 96 தட்டு விழும் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.625 விநாடி. விநாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் அது சரியாக 15 பிரேம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனம் ஐந்து விநாடி, அதாவது 120 பிரேம். 200 விநாடிப் பாட்டில் 40 ஆவர்த்தனங்கள் அடங்கும். இந்தக் கணக்கைப் போட்டு, ஒரு தாளில் 40 கட்டங்கள் வரைந்து, பல்லவி எத்தனை கட்டம், இடையிசை எத்தனை கட்டம், சரணம் எங்கே தொடங்குகிறது என்று குறித்துவிட்டால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி. மிருதங்கமோ பறையோ கற்ற மாணவர் ஒருவர் குழுவில் இருந்தால் அவரைத் தொகுப்பாளர் பக்கத்தில் உட்காரவைப்பது நல்லது. திஸ்ர நடையில் போகும் பாட்டை நான்கு நான்காக வெட்டினால் ஏதோ இடறுவதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும், காரணம்தான் புரியாது.

எந்தப் பாட்டு என்ற கேள்வியில் சட்டமும் நுழைகிறது. பிடித்த சினிமாப் பாட்டை எடுத்து ஆடிப் படம்பிடிப்பதுதான் மாணவர்களின் வழக்கம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி பாடல் வரிக்கும் இசைக்கும் உள்ள உரிமை, படைத்தவர் இறந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள். கல்லூரி விழாவில் மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன்னால் பாடிக் காட்டச் சட்டம் இடம் தருகிறது. இணையத்தில் ஏற்றுவது அந்தச் சலுகைக்குள் வராது. யூடியூபின் கன்டென்ட் ஐடி முறை, ஏற்றிய சில நிமிடங்களிலேயே பாட்டை அடையாளம் கண்டுவிடும். அதன்பின் காணொளி முடக்கப்படுமா, அல்லது விளம்பர வருவாய் மட்டும் உரிமையாளருக்குப் போகுமா என்பது உரிமையாளரின் விருப்பம்.

தமிழ் மாணவர்களுக்கு இதில் ஒரு நல்ல வாசல் திறந்தே இருக்கிறது. பாரதியார் பாடல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் வாங்கியது, பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. சங்கப் பாடல்களுக்கும் சித்தர் பாடல்களுக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் வரிகள் பொதுவே தவிர, பிற்காலத்தில் ஒருவர் போட்ட மெட்டும் ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவும் பொதுவல்ல. கல்லூரியிலேயே மெட்டமைக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்துப் புதிதாகப் பதிவுசெய்துகொள்வதுதான் பாதுகாப்பு. மாணவர் காணொளிக்கு அதுதான் அழகும்கூட.

அடுத்தது கரு. இசைக் காணொளிகள் பொதுவாக மூன்று வழியில் போகின்றன. பாடுபவரையும் வாசிப்பவரையும் மட்டும் காட்டுவது ஒன்று. வாய்பேசாக் கதை ஒன்றைப் பாட்டின்மேல் ஓட்டுவது இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பின்னுவது மூன்றாவது. மாணவர்கள் பெரும்பாலும் கதையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், அதிலும் காதல் தோல்வியை. மூன்று நிமிடத்தில் சந்திப்பு, காதல், பிரிவு, மரணம், ஐந்து வருடத்துக்குப் பின் ஒரு காட்சி என்று அடைத்தால் பாட்டு மூச்சுமுட்டிப்போகும். ஒரே ஒரு சூழ்நிலை போதும். தாத்தாவின் பழைய டேப்ரெக்கார்டரைப் பழுதுபார்க்கக் கடை கடையாக அலையும் பேத்தி என்ற ஒற்றை வரி ஒரு முழுப் பாட்டையும் தாங்கும்.

கதையே இல்லாமல் ஒரு யோசனையை மட்டும் நம்பி வென்ற காணொளிகளும் உண்டு. அமெரிக்க இசைக்குழுவான ஓகே கோ 2006இல் வெளியிட்ட ‘ஹியர் இட் கோஸ் அகெயின்’ பாட்டில் நான்கு பேர் எட்டு டிரெட்மில்களின் மேல் ஆடுகிறார்கள். கேமரா ஒரே இடத்தில் நிற்கிறது, நடுவில் ஒரு வெட்டுகூட இல்லை. முதன்மைப் பாடகரின் சகோதரி டிரிஷ் ஸீ அமைத்த ஆட்டம் அது. அடுத்த ஆண்டு அதற்குக் கிராமி விருது கிடைத்தது. தமிழில் 2011 நவம்பரில் வந்த ‘கொலவெறி’ காணொளியில் இருந்ததோ ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டு உருவாகும் காட்சிகள் மட்டுமே. ஒன்றில் கடும் ஒத்திகை, மற்றதில் சாவகாசம். இரண்டிலும் லொகேஷன் செலவு இல்லை.

கரு முடிவானதும் முன்பு வரைந்த கட்டங்களுக்குள் ஷாட்டுகளை நிரப்ப வேண்டும். ஷாட் ஒன்று சராசரியாக மூன்று விநாடி நின்றால் 200 விநாடிப் பாட்டுக்கு 65க்கு மேல் தேவைப்படும். ஒரு நாளில் பழகாத குழு 65 ஷாட் எடுப்பது நடக்காத காரியம். எனவே எண்ணிக்கையை இப்போதே குறைப்பதா, படப்பிடிப்பை இரண்டு நாளாக்குவதா என்று காகிதத்திலேயே முடிவெடுக்கலாம். படம் வரையத் தெரியவில்லை என்றால் குச்சி மனிதர்கள் போதும். கைபேசியில் நண்பர்களை நிற்கவைத்து எடுத்த புகைப்படங்களும் ஸ்டோரிபோர்டுதான்.

இடங்களில் கல்லூரி வளாகமும் சொந்த வீடும் எளிது. ரயில் நிலையத்தில் படமெடுக்க ரயில்வேயின் அனுமதி வேண்டும். டிரோன் பறக்கவிடுவதற்கு முன் அந்த இடம் சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்களில் எதில் இருக்கிறது என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுவர்கள் நடித்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் அவசியம்.

படப்பிடிப்பில் பாட்டை ஒலிக்கவிட்டு அதற்கேற்ப வாயசைக்கும் முறை தமிழ்நாட்டுக்கு நன்கு பழகியது. தமிழில் பின்னணி பாடுவதைத் தொடங்கிவைத்த படமாகச் சொல்லப்படுவது ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ (1938). பிற்காலத்தில் படப்பிடிப்புத் தளங்களில் நாக்ரா என்ற டேப் கருவி பாட்டை ஓட்டியது. இன்று அந்த வேலையை ஒரு புளூடூத் ஸ்பீக்கர் செய்கிறது, ஆனால் தனக்கே உரிய தொந்தரவுகளோடு. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாகவே வரும், அதனால் கம்பி வழி இணைப்பு நல்லது. ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. ஸ்பீக்கர் 14 மீட்டர் தள்ளி இருந்தால் பாடுபவர் காதுக்குப் பாட்டு ஒரு பிரேம் தாமதமாகச் சேரும். மைதானத்தின் மறுகோடியில், 40 மீட்டர் தூரத்தில் நிற்பவருக்கு மூன்று பிரேம். உதடும் குரலும் இவ்வளவு விலகினால் கண் கண்டுபிடித்துவிடும். ஸ்பீக்கரை ஆடுபவர் காலடியில், சட்டகத்துக்கு வெளியே வைத்தால் இந்தச் சங்கடம் இல்லை.

வாயை மட்டும் அசைப்பது இன்னொரு தவறு. உண்மையாகவே உரக்கப் பாட வேண்டும். கழுத்து நரம்பும் மூச்சும் முகத்தில் தெரிந்தால்தான் பாட்டு அவருடையது என்று பார்ப்பவர் நம்புவார். அவர் சுருதி விலகிப் பாடினாலும் பரவாயில்லை, அந்த ஒலி கடைசியில் யாருக்கும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் கேமராவின் மைக்கை அணைக்கக் கூடாது. ஷாட்டுகளைப் பாட்டோடு பொருத்த அந்த ஒலிதான் பின்னால் உதவும். பாட்டுக் கோப்பின் தொடக்கத்தில் நான்கு ‘டிக்’ ஒலி சேர்த்துவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்க வசதி.

கைபேசியில் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது பிரேம் வேகம். பல கைபேசிகள் வெளிச்சத்துக்கேற்ப அதைத் தாமாகவே ஏற்றி இறக்குகின்றன. பல்லவியில் பொருந்திய உதடு சரணத்தில் நழுவுவதற்கு இது ஒரு காரணம். வேகத்தை நிலையாகப் பூட்டவிடும் கேமரா செயலியைப் பயன்படுத்தினால் தப்பலாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும் கோடுகள் வராது.

வெயிலைப் பற்றித் தமிழ்நாட்டுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் உச்சி வெயிலில் எடுத்து, கண்களுக்குக் கீழே கருங்குழி விழுந்த முகங்களோடு மாணவர் காணொளிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. காலை ஒன்பதுக்குள் பாதி வேலையை முடித்துவிட்டு, மதியம் நிழலுக்குள் போய், மாலை நாலரைக்கு மறுபடி வெளியே வருவது சினிமாக்காரர்களின் பழைய புத்தி. வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்றை முகத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் கண்களில் ஒளி வந்துவிடும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் அந்தப் பலகையைப் பெரிய பட யூனிட்டுகளும் வண்டி வண்டியாகக் கொண்டுபோகின்றன.

முதலில் பாடுபவரை முழுப் பாட்டும் நிறுத்தாமல் தூரக் காட்சியில் ஒருமுறை, நடுத்தரத்தில் ஒருமுறை, முகம் நிறைய ஒருமுறை எடுத்துவிட வேண்டும். மழை வந்தாலும், நடிகர் பாதியில் கிளம்பினாலும் ஒரு காணொளி கையில் இருக்கும். அதன்பின்தான் கதைக் காட்சிகளும் கை, கால், ஜன்னல், தேநீர்க் கோப்பை போன்ற சிறு துண்டுகளும். இந்தத் துண்டுகளை அலட்சியப்படுத்திய குழு, தொகுப்பின்போது ஒட்டுப்போடத் துணியில்லாமல் திண்டாடும்.

உலகம் மெதுவாக நகர, உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும் காட்சி ஏதோ மந்திரம் போலத் தெரியும். உண்மையில் அது வெறும் பெருக்கல் கணக்கு. விநாடிக்கு 60 பிரேமில் எடுத்து 30 பிரேமில் ஓட்டினால் அசைவு பாதி வேகமாகும். அதனால் படப்பிடிப்பில் பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, பாடுபவரும் அதே வேகத்தில் வாயசைக்க வேண்டும். பிரிட்டன் இசைக்குழுவான கோல்ட்பிளேயின் ‘யெல்லோ’ (2000) காணொளியில் பாடகர் கிறிஸ் மார்ட்டின் கடற்கரையில் நடந்தபடி இப்படித்தான் இரட்டை வேகத்தில் பாடினார். 2002இல் வந்த ‘தி சயின்டிஸ்ட்’ இன்னும் விநோதம். படம் முழுதும் பின்னோக்கி ஓடுகிறது, உதடு மட்டும் சரியாகப் பாடுகிறது. அதற்காக அவர் பாட்டை முழுக்கத் தலைகீழாகப் பாடப் பழகினார். மாணவர்கள் முழுப் பாட்டுக்கும் இதை முயல வேண்டாம், நான்கு வரிக்குச் செய்தாலே தாடை வலிக்கும்.

எடுத்த காட்சிகளை அன்றிரவே இரண்டு இடங்களில் நகலெடுத்து வைத்த பிறகுதான் மெமரி கார்டை அழிக்கலாம். தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். பாட்டின் நல்ல பதிவை முதலில் டைம்லைனில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். முழுநீள டேக்குகளை ஒலி அலையின் வடிவம் பார்த்து அதனோடு பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எந்த விநாடியிலும் எந்தக் கோணத்துக்கும் தாவலாம். பொருத்தம் சரியா என்று பார்க்க ‘ப’, ‘ம’ வரும் சொற்களைத் தேட வேண்டும். உதடு மூடித் திறக்கும் அந்த எழுத்துகளில் ஒரு பிரேம் பிசகினாலும் தெரியும்.

வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதில்தான் தொகுப்பாளரின் காது வெளிப்படுகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வெட்டு என்று போனால் முதல் இருபது விநாடி விறுவிறுப்பாக இருக்கும், பிறகு தலைவலி. பல்லவியில் இரண்டு ஆவர்த்தனம் ஒரே ஷாட் நிற்கட்டும், இடையிசையில் தபேலா துள்ளும்போது வேகம் கூடட்டும். சரியாகத் தட்டிலேயே வெட்டுவதைவிட ஒன்றிரண்டு பிரேம் முன்னதாக வெட்டினால், தட்டு விழும் நேரத்தில் கண் புதிய படத்துக்குப் பழகியிருக்கும். அசைவின் நடுவே, திரும்பும் தலையிலோ விழும் காலடியிலோ வெட்டினால் வெட்டே தெரியாது. டைம்லைனில் பெருமையோடு அடுக்கிய டிரான்சிஷன் விளைவுகளில் பத்தில் ஒன்பதை நீக்கிவிட்டால் படம் தேறும்.

காட்சிகள் முடிவான பிறகே வண்ணம். காலையிலும் மாலையிலும் எடுத்த முகங்கள் ஒரே நிறத்தில் தெரியுமாறு சமன்செய்வது முதல் படி, அழகுக்கான சாயம் அதற்குப் பின். கறுத்த தோலை வெளுக்க வைக்கும் பில்டர்களைத் தொடாமலிருப்பது நல்லது. அவை முகத்தையும் கெடுக்கும், பின்னணியையும் கெடுக்கும்.

பெயர்ப் பட்டியலில் தமிழுக்கென்றே ஒரு தனிச் சோதனை காத்திருக்கிறது. சில மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போய் நிற்கும். பிரீமியர் புரோவில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றினால் சரியாகும். வேறு வழியில்லை என்றால் பெயர்களை வேறிடத்தில் படமாகச் செய்து ஒட்டலாம். பாடலாசிரியர், பாடகர், வாத்தியக்காரர், இடம் தந்தவர் எல்லோர் பெயரும் அதில் வர வேண்டும். ஸ்பீக்கர் இரவல் தந்த பக்கத்து வீட்டுக்காரர் உட்பட.

கடைசியாக எச்.264 வடிவில் கோப்பை வெளியெடுத்து, ஏற்றுவதற்கு முன் மூன்று இடங்களில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்: நல்ல ஸ்பீக்கரோடு கணினியில், வீட்டு டிவியில், ஒலியைக் குறைத்து ஒரு விலை மலிவான கைபேசியில். அதிகம் பேர் பார்க்கப்போவது மூன்றாவதில்தான்.