கடல் கடந்த உறுமி

ஒரு கலைஞரின் முதற்படைப்பை உலகம் வியப்போடு வரவேற்கும். இரண்டாம் படைப்பையோ தராசோடு வரவேற்கும். ‘முன்னதினும் உயர்ந்ததா, தாழ்ந்ததா?’ என்ற வினா வாசலிலேயே காத்து நிற்கும். அத்தராசில் ஏறி வென்ற ஓர் இசைத்தொகுப்பைப் பற்றி நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

மாதங்கி அருள்பிரகாசம் 1975-இல் இலண்டனில் பிறந்தவர். ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, சிலகாலம் சென்னையிலும் வாழ்ந்து, போரின் கொடுமையால் தாயுடன் அகதியாக இலண்டன் திரும்பியவர். ‘எம்.ஐ.ஏ.’ என்னும் பெயரில் மின்னணுக் கருவிகளைக் கொண்டு துள்ளிசை படைத்தார். 2005-இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயரால் ‘அருளர்’ என்றும், 2007 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தொகுப்புக்குத் தாயின் பெயரால் ‘கலா’ என்றும் பெயரிட்டார்.

அமெரிக்க விசா கிடைப்பதில் தடை ஏற்படவே, இந்தியா, திரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் ‘கலா’ உருவாயிற்று. சென்னையில் பதிவுசெய்த உறுமியொலியும் அதில் கலந்தது. ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற பாடலில் ‘ஜெயம்’ (2003) திரைப்படப் பாடலொன்றின் ஒலித்துணுக்கும் இடம்பெற்றது.

திறனாய்வாளர் பலரும் இதனைப் போற்றினர். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2007-ஆம் ஆண்டின் தலைசிறந்த தொகுப்பாக இதனைத் தேர்ந்தெடுத்தது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடல் 2009 கிராமி விருதுக்கு முன்மொழியப்பட்டது. அப்பாடலில் கேட்கும் துப்பாக்கி ஒலியை வன்முறை என்றனர் சிலர். குடியேறிகளைப் பிறர் எவ்வாறு பார்க்கின்றனர் என்பதற்கான கிண்டலே அது என்றார் மாயா.

ஆயினும், பாராட்டிலும் ஒரு குறை இருந்தது. முதல் தொகுப்பின் பெருமையை டிப்லோ என்ற ஆடவருக்கே பத்திரிகைகள் சூட்டின. ‘அருளர்’ பாடல்களுள் ஒன்றே ஒன்றில்தான் அவர் பங்கு இருந்தது. ‘பெண்ணொருத்தி தானே சிந்தித்துப் படைக்க மாட்டாளா?’ என்னும் பொருள்பட, 2007-இல் ஒரு நேர்காணலில் மாயா சினந்து பேசினார். உழைத்தவரை விட்டுவிட்டு வேறொருவருக்கு மாலையிடுவது திறனாய்வு ஆகுமா?

சென்ற மாசி மாதம் எங்கள் ஊர்க் குலதெய்வக் கோயிலுக்குச் சென்றிருந்தேன். உறுமி வாசிக்க வந்த பெரியவர் ஒருவர் வேப்பமர நிழலில் அமர்ந்திருந்தார். உறுமி இரு முகமும் இடைசிறுத்த உடலும் கொண்டது. ஒரு முகத்தை அடிப்பர். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பர். அத்தேய்ப்பில் எழும் உறுமலே அதற்குப் பெயராயிற்று. என் கைப்பேசியில் ‘பேர்ட் ஃப்ளூ’ பாடலை அவருக்குக் கேட்கக் கொடுத்தேன். கண்மூடிக் கேட்டார். விரல்கள் தொடையில் தாளமிட்டன.

“நம்ம உறுமிதான் தம்பி. இதக் கேட்டு அங்க என்ன எழுதுனாக?”

“நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க தாத்தா. ஆனா, நான் படிச்சதுல ‘மேளச்சத்தம்’னுதான் இருக்கு, உறுமின்னு பேர் போடல.”

அவர் சிரித்தார். கோயில் சுவரில் ஒட்டியிருந்த திருவிழா நோட்டீசைக் காட்டி, “அதுல எம் பேரு இருக்கான்னு பாரு” என்றார்.

பார்த்தேன். நாதசுர வித்துவானின் பெயர் பட்டங்களோடு பெரிய எழுத்தில் இருந்தது. கீழே, ‘உறுமி மேளம்’ என்று மட்டும் இருந்தது. நாற்பதாண்டுகளாக அக்கோயிலில் வாசிப்பவர் அவர்! அயல்நாட்டாரைக் குறைகூற வந்த நான் வாயடைத்து நின்றேன். அவர் பெயரை நானும் அதுவரை கேட்டதில்லை. அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

திறனாய்வு என்பது மதிப்பெண் இடுவது மட்டுமன்று. எவர் கை எதனைச் செய்தது என்று அறிந்து சொல்வதுமாகும். அடுத்த மாசியில் அந்த நோட்டீசில் அவர் பெயரும் அச்சேற வேண்டுமென ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். ‘பார்ப்போம்’ என்றிருக்கிறார்கள். நானும் விடுவதாக இல்லை.