பழைய மடிக்கணினியும் லினக்சும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர் கல்லாவி. அவ்வூரைப் போன்ற ஊர்களில் பரண்மீதோ பீரோவின் அடித்தட்டிலோ ஒரு மடிக்கணினி உறங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் பல. வீட்டின் மூத்த பிள்ளை மேல்நிலை வகுப்பில் பயின்றபோது அரசு வழங்கியதாக அது இருக்கலாம்; ஓசூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் உறவினர் பெங்களூருவின் எஸ்.பி. சாலைக் கடைகளில் குறைந்த விலைக்கு வாங்கிவந்த, பிறர் பயன்படுத்திக் கழித்த கணினியாகவும் இருக்கலாம். திறந்தால் திரை ஒளிரும். ஆனால், ஒரு கோப்பைத் திறப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். 'கெட்டுப்போய்விட்டது' என்று கூறி மூடி வைத்துவிடுவர். அவற்றுள் பெரும்பாலானவற்றில் வன்பொருள் பழுதடைவதில்லை. பத்தாண்டுகளில் மென்பொருள் பெருத்துவிட்டது. அதன் சுமையைப் பழைய கணினியால் தாங்க இயலவில்லை என்பதே உண்மை.

வேகக்குறைவோடு மற்றொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. விண்டோஸ் 10 இயக்க அமைப்புக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. கூடுதல் காலப் பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினிகளுக்கு, புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் இற்றைப்படுத்தல்கள் வருவதில்லை. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகத்தையும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் புதிய தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணினியால் இந்த நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாது. ஆதலால் அதன் உரிமையாளர்முன் மூன்று வழிகளே உள்ளன: காப்பற்ற நிலையில் இணையத்தில் உலவுவது, புதுக்கணினி வாங்குவது, இயக்க அமைப்பை மாற்றுவது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மூன்றாம் வழியே கைக்கு எட்டுவது.

லினக்சின் பிறப்பு

கணினியின் வன்பொருளுக்கும் பயன்பாட்டு மென்பொருள்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைப்பது இயக்க அமைப்பு. அதன் நடுநாயகமாக விளங்குவது கெர்னல் என்னும் கருவகம். பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டு இத்தகைய கருவகம் ஒன்றை எழுதி வெளியிட்டார். அதற்கு எட்டாண்டுகள் முன்பே, 1983இல், ரிச்சர்டு ஸ்டால்மன் குனு என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்திருந்தார். குனு திட்டத்தின் கருவிகளும் டோர்வால்ட்சின் கருவகமும் இணைந்தபோது முழுமையான இயக்க அமைப்பு உருவாயிற்று. யாரும் பயன்படுத்தலாம், படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம், மூலநிரலைப் படித்துத் திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். இவ்வுரிமைகளைக் குனு பொது உரிமம் உறுதிசெய்கிறது.

லினக்ஸ் என்பது அறிஞர்களுக்கு மட்டும் உரியது என்னும் அச்சம் இன்றும் நிலவுகிறது. அச்சப்படுவோரின் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இயங்குவதும் லினக்ஸ் கருவகமே. உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்சிலேயே இயங்குகின்றன.

தமிழ்நாட்டின் பட்டறிவு

லினக்ஸ் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் புதியதன்று. அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராகப் பொறுப்பு வகித்த காலத்தில், தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றியது. சென்னையிலுள்ள சிடாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கு இடமளிக்கும் 'பாஸ்' என்னும் லினக்ஸ் வழங்கலை உருவாக்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோசுடன் பாசும் இடம்பெற்றது.

ஆயினும், அந்தப் பாசை நாள்தோறும் பயன்படுத்திய மாணவர் சிலரே. கணினியைத் திறந்ததும் எதைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா திரையில் தோன்றும்; பழகிய பெயரை நோக்கியே விரல் சென்றது. சிலர் அருகிலுள்ள கடையில் கொடுத்துப் பாசை அழித்துவிட்டு, உரிமமற்ற விண்டோஸ் படியை ஏற்றிக்கொண்டனர். நச்சுநிரல்கள் பல அவ்வாறே வீட்டுக்குள் நுழைந்தன. குறை பாசில் இருந்ததைவிட, அதனைப் பழக்கிவிட ஆளில்லாமையில்தான் மிகுதியாக இருந்தது எனலாம். பக்கத்து மாநிலமான கேரளத்தில் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சியளித்து, பாடத்தையும் தேர்வையும் லினக்சிலேயே நடத்தினர். அங்கு அது வேரூன்றியது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

லினக்ஸ் கருவகம் ஒன்றே. அதனோடு மென்பொருள்களைத் தொகுத்து வழங்கும் 'வழங்கல்கள்' நூற்றுக்கணக்கில் உள்ளன. இப்பெருக்கமே புதியவரை மலைக்கச் செய்கிறது. கணினியிடம் இரண்டு செய்திகளைக் கேட்டறிந்தால் மலைப்பு நீங்கும். செயலி 64 பிட்டா, 32 பிட்டா? நினைவகம் எவ்வளவு?

நினைவகம் 4 ஜிகாபைட்டும் செயலி 64 பிட்டும் ஆயின், லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஏற்றது. கீழே பட்டை, இடப்புற மூலையில் பட்டியல் என விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அதற்குக் குறைந்தது 2 ஜிகாபைட் நினைவகமும் வன்தட்டில் 20 ஜிகாபைட் இடமும் தேவை. எனினும், 2 ஜிகாபைட்டில் அது தள்ளாடும் என்பதால் அத்தகைய கணினிக்கு லுபுண்டு பொருத்தமானது. 32 பிட் செயலி கொண்ட மிகப் பழைய கணினிகளின் நிலைதான் இரங்கத்தக்கது. டெபியனே 2025இல் வெளியிட்ட 13ஆம் பதிப்பில் அவற்றுக்கான நிறுவியைக் கைவிட்டது. டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 அவற்றில் இயங்கும். ஆனால், அது புதியவர் தனியாகக் கையாளுவதற்கு எளிதன்று.

பணம் சிறிது செலவிட இயலுமானால், சுழலும் வன்தட்டை நீக்கிவிட்டுத் திண்மநிலை வட்டைப் பொருத்துவது வேறெந்த மாற்றத்தையும்விட வேகத்தைக் கூட்டும்.

நிறுவும் முறை

வழங்கலின் கோப்பு ஏறத்தாழ 3 ஜிகாபைட் அளவுடையது. கைப்பேசியின் ஒருநாள் தரவு அதற்குப் போதாது. ஆனால், ஒருவர் பதிவிறக்கினால் ஊர் முழுவதற்கும் அது போதும். ஒரே பென்டிரைவைக் கைமாற்றிப் பத்து வீடுகளில் நிறுவுவதை உரிமமே அனுமதிக்கிறது. பதிவிறக்கியதும் அதன் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட வேண்டும். ஷா-256 என்னும் முறை, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 எழுத்துருக்கள் கொண்ட ஒரு சரமாகச் சுருக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் சரம் முற்றிலும் மாறிவிடும். வழங்கலின் அதிகாரப்பூர்வத் தளத்தில் காட்டப்பட்டுள்ள சரத்தோடு அது ஒத்திருந்தால் கோப்பு சிதையவில்லை எனத் தெளியலாம்.

பின்னர் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்னும் மென்பொருளால் அக்கோப்பைப் பென்டிரைவில் எழுத வேண்டும். வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் கணினி அதிலிருந்து தொடங்காது. பென்டிரைவில் முன்பிருந்தவை அனைத்தும் இப்போது அழியும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. கணினியை இயக்கியவுடன் தொடக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்த வேண்டும். லெனோவோ, டெல் கணினிகள் பலவற்றில் அது எஃப்12, எச்பியில் எஃப்9.

இங்கேதான் லினக்சின் அரிய வசதி ஒன்று வெளிப்படுகிறது. வன்தட்டைத் தொடாமலே, பென்டிரைவிலிருந்து முழு இயக்க அமைப்பையும் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, தொடுதளம் நகர்கிறதா, திரையின் வெளிச்சம் கூடிக்குறைகிறதா என அரைமணி நேரம் சோதிப்பது நல்லது. பழைய கணினிகளில் வைஃபை சில்லே பெரும்பாலும் முரண்டுபிடிக்கும். சோதனையில் மனநிறைவு இல்லையேல் அணைத்துவிடலாம். பழைய அமைப்பு அப்படியே இருக்கும்.

நிறுவுவதென்று முடிவெடுத்தபின் செய்ய வேண்டிய முதற்பணி கோப்புகளைக் காப்பது. மதிப்பெண் சான்றிதழின் ஒளிநகல், அக்காளின் திருமணப் படங்கள், மறைந்த தாத்தாவின் ஒரே ஒளிப்படம் ஆகியவை அந்தப் பழைய வன்தட்டில் மட்டுமே இருக்கக்கூடும். நிறுவி ஒரு கட்டத்தில் இரண்டு வாய்ப்புகளைக் காட்டும். விண்டோசுக்கு அருகிலேயே லினக்சை நிறுவுவது ஒன்று. வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுவது மற்றொன்று. இரண்டாவதைச் சொடுக்கி உறுதிசெய்தபின் அழிந்தவை மீளும் என நம்ப இயலாது. படிக்காமல் 'சரி' என்பதை அழுத்தும் பழக்கம் உடையவர் அந்தத் திரையில் மட்டுமாவது கையைக் கட்டிக்கொண்டு ஒருமுறை படிப்பது நல்லது. முதற்கணினி குடும்பத்துக்கே பொதுவானதாயின், இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்வதே விவேகம்.

பழைய மடிக்கணினியின் மின்கலம் பெரும்பாலும் செயலிழந்திருக்கும். பாதி நிறுவலில் மின்சாரம் தடைப்பட்டால் வட்டு அரைகுறையாக நிற்கும். அறிவிக்கப்பட்ட மின்தடை நாளைத் தவிர்ப்பது இதன்பொருட்டே. நேர மண்டலமாகக் கொல்கத்தாவைத் தேர்ந்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அளித்தால் எஞ்சியவற்றை நிறுவியே முடிக்கும். பென்டிரைவைக் கழற்றிக் கணினியை மீண்டும் இயக்கியதும் இற்றைப்படுத்தல்களை ஏற்ற வேண்டும்.

லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ் முதலியன மின்டுடன் சேர்ந்தே வருகின்றன. மேல்நிலை வகுப்புகளின் கணினிப் பாடத்திற்கு உரிய சி++, பைத்தான் பயிற்சிகளுக்கான கருவிகளும் கட்டணமின்றிக் கிடைக்கும். எனினும், வணிகவியல் மாணவர் பழக விரும்பும் டேலி விண்டோசுக்காக எழுதப்பட்டது. அதனை வைன் போன்ற இடைநிலை மென்பொருளின் துணையோடு ஓட்ட முயல்வதைவிட, அதற்கெனப் பள்ளி ஆய்வகக் கணினியைப் பயன்படுத்துவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

தமிழில் எழுதுதல்

ஒருங்குறி எழுத்துருக்கள் இருப்பதால் தமிழைப் படிப்பதில் இடர்ப்பாடு இல்லை. எழுதுவதற்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டு மேலாளரையும் அதன் எம்17என் தொகுப்பையும் நிறுவி, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க வேண்டும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட அந்த விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்துள்ளன. இருவாரப் பயிற்சியில் கை படிந்துவிடும். பட்டியல்களையும் அறிவிப்புகளையும்கூடத் தமிழில் காணலாம். அம்மொழிபெயர்ப்பு, ஊதியம் பெறாத தன்னார்வலர் பலர் ஆண்டுக்கணக்கில் செய்தது. அவர்கள் கை இன்னும் படாத இடங்களில் ஆங்கிலச் சொற்றொடர்களே தோன்றும். அவற்றைத் தமிழாக்கி அனுப்பும் வாயில் எல்லார்க்கும் திறந்தே உள்ளது.