பல்லின் வேருக்குள் திரிபலா

பல்லுக்கு ரூட் கெனால் செய்துகொண்டவர்களுக்கு அந்தக் குளோரின் நெடி மறக்காது. பல் மருத்துவர் மெல்லிய ஊசியால் வேர்க்குழாய்க்குள் பீய்ச்சுவது சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் பிளீச்சிலும் இதுதான் இருக்கிறது. முதல் உலகப் போரில் வீரர்களின் புண்களைக் கழுவ, ஹென்றி டேக்கின் என்ற வேதியியலாளர் இதை 0.5 சதவீதக் கரைசலாகப் பக்குவப்படுத்தினார். பல் சிகிச்சையில் 5.25 சதவீதம் வரைகூடப் போகிறார்கள். கிருமியைக் கொல்வதோடு, செத்த பற்கூழையும் இது கரைத்துவிடும். ஆனால் வேர் நுனியைத் தாண்டிக் கசிந்தால் உயிர் போகிற வலி, முகமே வீங்கிவிடும்.

அதனால்தான் மூலிகைகளின் பக்கம் ஆய்வாளர்கள் திரும்பினார்கள். அவர்கள் குறிவைப்பது என்டரோகாக்கஸ் ஃபேகாலிஸ் என்ற பாக்டீரியாவை. சிகிச்சை முடிந்த பல்லில் மறுபடி சீழ் பிடித்தால், உள்ளே அடிக்கடி அகப்படுவது இதுதான். பல்லின் எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே அகலமுள்ள நுண்குழல்கள் ஏராளம். இந்தப் பாக்டீரியா அவற்றுக்குள் புகுந்து, பசைப்படலம் கட்டிக்கொண்டு, இரையில்லாமலும் நெடுநாள் கிடக்கும்.

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலாவையும் பச்சைத் தேயிலையின் பாலிஃபீனால்களையும் இதன்மேல் சோதித்த ஓர் ஆய்வு 2010-இல் ‘ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ்’ இதழில் வந்தது. பிடுங்கிய பற்களைப் பிளந்து, உட்சுவரில் மூன்று வாரம், ஆறு வாரம் என்று கிருமிப் படலத்தை வளரவிட்டு, பிறகு பத்து நிமிடம் கரைசலில் வைத்தார்கள். இரண்டு மூலிகைகளுமே கிருமிகளைக் கணிசமாகக் குறைத்தன. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் பாக்டீரியாவின் புரதங்களைச் சிதைக்கின்றன. தேயிலையின் பாலிஃபீனால்களான கேட்டச்சின்கள், பாக்டீரியாவின் டி.என்.ஏ. பெருகத் தேவையான ஒரு நொதியை முடக்குகின்றன. ஆனாலும் முதலிடம் பழைய ஹைப்போகுளோரைட்டுக்குத்தான்.

இந்த முடிவை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. நம் நாட்டு மருந்துச் சரக்கு, கடினமான சோதனையில் அளந்து பார்க்கும்படி நின்றிருக்கிறது. ஆனால் பற்கூழைக் கரைப்பதில் ஹைப்போகுளோரைட்டுக்கு மூலிகைகள் ஈடாகவில்லை. கூழ் மிஞ்சினால் கிருமிக்கு அதுவே தீனி. எனவே இன்றைக்கு அவற்றைத் துணை மருந்தாக நினைப்பதே சரி. வீட்டில் திரிபலா நீரால் கொப்பளித்தாலும் அது வேர்க்குழாயை எட்டாது. வலிக்கிற பல்லோடு அதை நம்பி நாள் கடத்தக் கூடாது.

பிடுங்கிய பல்லில் வென்றது வாயில் இருக்கும் பல்லிலும் வெல்ல வேண்டும். மூலிகைக் கரைசலால் கழுவிய பற்களை ஓராண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்து, வேர் நுனியைச் சுற்றி அரித்துப்போன எலும்பு திரும்ப வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் நிறைய நோயாளிகளிடம்.