கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சா? எண்ணெய் தேய்ப்பதற்கு முன் இதைப் படிங்க

"கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு." தஞ்சாவூர் பக்கம் நடவு வயலிலும் ஜவுளிக்கடையிலும் சகஜமாகக் காதில் விழும் பேச்சு. உண்மையில் சுருட்டிக்கொள்வது நரம்பே அல்ல. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை என்கிற ரத்தக்குழாய். பெயர் மாறுவதால் வைத்தியமும் மாறிவிடுகிறது. மெடிக்கலில் சத்து மாத்திரை, வீட்டில் எண்ணெய் உருவல் என்று மாதங்கள் ஓடிவிடும்.

காலிலிருந்து ரத்தம் மேலே ஏற கெண்டைக்கால் தசைதான் பம்பு. நடக்கும்போது அது சிரையைப் பிழியும். ஏறிய ரத்தம் திரும்ப இறங்காமல் உள்ளே இருக்கும் வால்வுகள் தடுக்கும். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் பம்பு ஓடாது. பரம்பரை, பிரசவம், உடல் பருமன் எல்லாம் இதோடு சேர்ந்தால் வால்வு பழுதாகி, குழாய் புடைத்துச் சுருளும். இதுதான் வெரிகோஸ் வெயின். சாயங்காலம் கால் கனக்கும், ராத்திரி கெண்டைச்சதை இழுத்துப் பிடிக்கும், காலைத் தூக்கி வைத்தால் இதமாக இருக்கும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்ததற்கும் நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் வரும் இத்தகைய உபாதைகள்தான் காரணம். நடவு வயலுக்கு எந்தச் சட்டம் நாற்காலி போடும்? அவ்வப்போது வரப்பேறி நாலு எட்டு நடப்பதுதான் வழி.

கணுக்கால் பக்கம் தோல் கறுத்தாலோ, புண் ஆறாமல் இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள். புடைத்த குழாய் அடிபட்டு ரத்தம் கொட்டினால், படுக்கவைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

கும்பகோணம் பக்கம் கால் வீங்கினாலே "யானைக்காலா இருக்குமோ?" என்ற பயம் ரொம்பப் பழசு. அது வேறு: கொசு பரப்பும் புழு, நிணநீர்க் குழாய்களைக் கெடுப்பதால் மெதுவாக வருவது.

உண்மையான அவசரம், ஒரே கால் மட்டும் ஓரிரு நாளில் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலிப்பது. ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். ஆபரேஷன், மாவுக்கட்டு, கர்ப்பம், பிரசவம், கருத்தடை மாத்திரை, புற்றுநோய் ஆகியவற்றோடு இது வரக்கூடும். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வருபவர்களும் கவனிக்க: நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணித்தால் இந்த ஆபத்து சுமார் இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. ஆரோக்கியமானவர்களுக்கு அப்போதும் அது அரிதுதான். ஆனால் வீக்கம் வந்தபின் தள்ளிப்போடக்கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் போய் டாப்ளர் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். அந்தக் காலை யாரும் உருவிவிடக்கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் ஸ்கேனுக்கெல்லாம் அலைய வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்கள்.